உட்செவி பழுதுற்றபின் உடல் நிலைபெறுமாறு

தமிழ் பயிலும் மாணவராகிய யாம் மருத்துவப் பொருளொன்றைப் பற்றி எழுதப் புகுந்தமை நம் கல்லூரி அன்பர் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். உயிர்நூலும் வேதிநூலும் கற்கும் நண்பர் பலர் இருக்க, எழுத்தும் சொல்லும் பொருளும் கற்கும் எமக்கு இதனோடு யாது தொடர்பு என வினவின், அத்தொடர்பு ஒரு சொல்லிலிருந்தே தொடங்கிற்று என்போம். தொல்காப்பியர் உரியியலில் அலமரல், தெருமரல் என்னும் இரண்டு சொற்களுக்கும் சுழற்சி என்பதே பொருளாகக் கூறினார். அவற்றுள் அலமரல் என்பது காலப்போக்கில் வெறுஞ் சுழற்சியைக் குறிப்பதோடு நில்லாது, மனம் நிலைகொள்ளாது வருந்துதலையும் குறிப்பதாயிற்று. இப்பொருள்விரிவு புலவர்தம் கற்பனையின் விளைவு என்றே வகுப்பிற் கேட்ட நாளில் எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு எம் பெரிய தாயார் படுக்கையிற் கிடந்தவாறே சுவரை இரு கையாலும் பற்றிக்கொண்டு, 'வீடு சுற்றுகிறது, என்னை விட்டுவிடாதே' என்று அழுததைக் கண்ட பின்னரே, சுழலும் தலையும் கலங்கும் மனமும் ஒன்றையொன்று விடாதன என்பதையும், அச்சொல்லை அவ்வாறு வளர்த்த மக்கள் அந்நோயை நேரிற் கண்டவர்களே என்பதையும் உணர்ந்தோம்.

எம் பெரிய தாயார் இல்லம் சிங்கப்பெருமாள் கோயிலில் உள்ளது. அங்கிருந்தே யாம் நாள்தோறும் மின்சார இரயிலேறி நகரத்துக்குக் கற்க வருகிறோம். தை மாதத்து விடியற்காலையொன்றில், அவர் வழக்கம்போல் எழுந்து அடுப்பங்கரைக்குச் சென்றவர், பாற்பாத்திரத்தோடு இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். அதற்கு ஒரு வாரம் முன்னர் அவருக்குத் தடுமன் பிடித்திருந்தது. வேறு நோய் யாதும் இல்லை. கண்ணைத் திறந்தால் கூரை சுழல்கிறது, மூடினாலும் தாம் சுழல்கிறோம் என்றார். குடித்த நீரும் வாந்தியாயிற்று. அவர் கண்மணிகள் வலப்பக்கமாக விட்டுவிட்டுத் துள்ளுவதை யாம் அருகிருந்து கண்டு அஞ்சினோம். அடுத்த வீட்டு அம்மையார், 'பித்தம் தலைக்கேறிற்று' என்று இஞ்சிச்சாறு கொணர்ந்தார். எதிர்வீட்டார் கண்ணேறு என்றனர். நம் நாட்டில் தலைச்சுற்றலுக்குப் பித்தத்தைக் குறைகூறும் வழக்கம் மிகப் பழையது. அதன்மேல் எமக்குச் சினம் இல்லை. எனினும் அன்று அவரைச் செங்கற்பட்டு மருத்துவமனையொன்றுக்கு வாடகை வண்டியில் கொண்டுபோனதே நன்றாயிற்று.

மருத்துவர் முதலில் செவியைப் பார்க்கவில்லை. பேச்சுக் குழறுகிறதா, கை கால் வலுவிழந்தனவா, விரலால் மூக்கைத் தொட முடிகிறதா என்றே சோதித்தார். திடீரென்று வரும் சுழற்சி சிலர்க்கு மூளையின் குருதிக்குழாய் அடைபட்டதாலும் வரக்கூடும் ஆகலின், அதனை விலக்கிய பின்னரே பிறவற்றை எண்ணுதல் வேண்டும் என்றார். பின்னர், தம் மூக்கையே நோக்கியிருக்கும்படி பெரிய தாயாரிடம் கூறி, அவர் தலையை இரு கைகளாலும் பிடித்து, வெடுக்கென ஒரு பக்கம் திருப்பினார். வலப்பக்கம் திருப்பியபோது கண்கள் அசையாது மருத்துவர் மூக்கிலேயே நின்றன. இடப்பக்கம் திருப்பியபோது கண்கள் தலையோடு கூடவே வழுக்கிச் சென்று, பின்னர் ஒரு துள்ளலில் மீண்டன. ஹால்மாகி, கர்த்தாய்ஸ் என்னும் இருவர் 1988-இல் வெளியிட்ட இச்சோதனைக்கு எவ்விதக் கருவியும் வேண்டுவதில்லை. 'இடச்செவியினின்று மூளைக்குச் செல்லும் சமநிலை நரம்பு அழற்சியுற்றது. கேள்விக்குப் பழுதில்லை' என்று அவர் முடிவுரைத்தார்.

செவிக்கும் நிற்றலுக்கும் உள்ள தொடர்பை இங்குச் சிறிது கூறுதல் வேண்டும். உட்செவியில் ஒலியைக் கேட்கும் நத்தைச் சுருளையடுத்து, ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் கால்வாய்களும் இரண்டு சிறு பைகளும் உள்ளன. கால்வாய்களில் நீர் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பும்போது அந்நீர் உடன்திரும்பாது பிற்பட, அது தள்ளும் மென்சவ்வில் பதிந்த நுண்மயிர்கள் வளைகின்றன. பைகளிலோ சுண்ணாம்புத் துகள்கள் பாரமாக அமைந்து, தலை சாய்வதையும் உடல் முன்பின்னாக விரைவதையும் அறிவிக்கின்றன. பிரெஞ்சு அறிஞர் ஃப்ளூரான்ஸ் 1820-களில் புறாக்களின் கால்வாயொன்றை அறுத்து, அப்புறா கேள்வியை இழவாமல் அக்கால்வாயின் திசையிலேயே தலையைச் சுழற்றியதைக் கண்டார். செவியின் ஒரு பகுதி கேட்பதற்கன்று என்பது அன்று புலப்படத் தொடங்கிற்று. வியன்னா நகரத்துப் பாரானி என்னும் மருத்துவர் நோயாளரின் செவியைக் குளிர்ந்த நீராற் கழுவும்போது அவர்க்குத் தலை சுற்றுவதையும் கண்மணி ஒரு திசையில் துள்ளுவதையும், வெந்நீராற் கழுவினால் அத்துள்ளல் எதிர்த்திசையில் நிகழ்வதையும் கவனித்தார். செவிநீர் சூட்டால் மேலெழுந்தும் குளிரால் கீழிறங்கியும் ஓடுவதே காரணம் என அவர் உய்த்துணர்ந்தார். 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவர்க்குக் கிடைத்த செய்தி, அவர் போர்க்கைதியாக ரஷ்யரிடம் அகப்பட்டிருந்தபோது எட்டியது என்பது இக்கதையின் ஒரு சுவையான கிளை.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். பின் வருவன யாவும் இதனைப் பற்றியே நிற்கின்றன. தலை அசையாதிருக்கும்போது செவி நரம்புகள் வாளாவிருக்கும் என்று நாம் நினைப்போம். அவ்வாறன்று. குரங்குகளிடம் அளந்தபோது, ஒவ்வொரு நரம்பிழையும் அசைவின்றியிருக்கும் வேளையிலும் வினாடிக்குச் சுமார் 90 துடிப்புகளை மூளைக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தது. தலை இடப்புறம் திரும்பினால் இடச்செவியின் துடிப்பு மிகும், வலச்செவியின் துடிப்பு குறையும். இவ்விரண்டன் வேறுபாட்டையே மூளை திருப்பமாகப் படிக்கிறது. இரண்டு எருதுகள் ஒத்த வலுவோடு இழுக்கும் வண்டி நேரே செல்லும். ஓர் எருது படுத்துவிட்டால், மற்றது இழுக்க இழுக்க வண்டி வட்டமிடும். பெரிய தாயாரின் இடச்செவி நரம்பு அன்று படுத்துவிட்டது. வலச்செவி குற்றமின்றித் தன் வழக்கமான துடிப்பை அனுப்பியது. மூளையோ, 'வலப்புறம் ஓயாது சுழல்கின்றாய்' என்று அவ்வேறுபாட்டைப் படித்தது. அவர் கட்டிலில் அசைவின்றிப் படுத்திருந்தமை அதன் கணக்கில் ஏறவில்லை. நலமுள்ள செவி உண்மையைச் சொல்லியும் பொய்யே விளைந்தது என்பதை எண்ண எண்ண எமக்கு வியப்பு மிகுகிறது.

நோயுற்ற மூன்றாம் நாள் கூரை நின்றது. ஐந்தாம் நாள் அவர் சுவரைப் பிடித்து நடந்தார். நரம்பு குணமாயிற்று என்றே யாம் மகிழ்ந்தோம். மறுபடியும் மருத்துவரிடம் சென்றபோது அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். இடப்புறத்தில் கண்கள் முன்போலவே வழுக்கின. செவி சிறிதும் தேறவில்லை. அற்றேல் தேறியது யாது? இவ்வினாவே எம்மை நூலகத்துக்கு ஓட்டியது.

விடையின் முதற்பகுதி பழையது. ரஷ்ய நாட்டுப் பெக்டெரெவ் 1883-இல் ஒரு சோதனை செய்தார். விலங்கொன்றன் ஒருபக்கத்து உட்செவியை அழித்தார். அது சுழன்று தடுமாறி, சில நாளில் தெளிந்தது. தெளிந்தபின் மற்றப்பக்கத்துச் செவியையும் அழித்தார். இரண்டு செவியும் இல்லாமையால் வேறுபாடும் இராது, ஆகவே சுழற்சியும் இராது என்று யாரும் எதிர்பார்ப்பர். ஆயின் அவ்விலங்கு இரண்டாம் முறை இழந்த செவி ஒன்றே போயிற்று என்பது போல, எதிர்த்திசையில் சுழன்றது! முதற்செவி போனபின் மூளையே அப்பக்கத்துத் தட்டில் தன் பொருளையிட்டுத் துலாக்கோலைச் சமன்செய்திருந்தது என்பது இதனாற் பெறப்படும். மற்றச் செவியும் போனவுடன் அவ்விட்ட பொருளே மிகையாய் நின்று கோலைச் சாய்த்தது.

மூளை இட்ட அப்பொருள் யாது என்பதைக் காணவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மூளைத்தண்டில் இருபக்கமும் சமநிலைக்குரிய நரம்பணுக் கூட்டங்கள் உள்ளன. அவற்றைச் சமநிலைக் கருக்கள் என்று வழங்குவாம். செவியினின்று வரும் நரம்பு தன் செய்தியைக் குளுட்டமேட் என்னும் பொருளைச் சொரிந்து கருவுக்கு உணர்த்துகிறது. அது தூண்டும் பொருள். அன்றியும் இருபக்கத்துக் கருக்களும் ஒன்றையொன்று அடக்கும் இழைகளாற் பிணைக்கப்பட்டுள்ளன. அவ்வடக்கலைச் செய்யும் பொருள்களுள் தலையாயது காபா என்பது. சிறுவர் விளையாடும் ஏற்றப்பலகையில் ஒருபுறம் எழ மறுபுறம் தாழ்வது போல, ஒரு கரு எழுந்தால் மற்றது தாழும். இடச்செவி நரம்பு போயின அன்று, இடக்கருவுக்கு வரும் குளுட்டமேட் அற்றது. அஃதோடும் அமையவில்லை, தடுப்பாரற்ற வலக்கரு தன் காபாவை இடக்கருவின்மேல் மிகுதியாகச் சொரிந்து, அரைகுறையாய் எஞ்சிய அதன் துடிப்பையும் அடக்கிற்று. உணவும் நின்று, மேலே பாரமும் ஏற்றப்பட்டவன் நிலை அஃது.

இனி நிகழ்வதே இக்கதையின் உயிர்நாடி. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மாயங்க் துத்தியாவும் அவருடன் உழைத்தோரும் எலிகளின் மூளைத்தண்டை மென்மையான துண்டங்களாக எடுத்து, உயிர்ப்போடு வைத்து அளந்து, 1997 முதலாக வெளியிட்ட செய்திகள் இவை. செவி அழிந்த சில மணி நேரத்துக்குள்ளாகவே, அப்பக்கத்துக் கருவின் நரம்பணுக்கள் காபாவுக்கு முன்போல அடங்குவதை விட்டன. அப்பொருளை ஏற்கும் வாயில்கள் தம் கூர்மையைக் குறைத்துக்கொண்டன. எதிர்ப்பக்கத்தின் அதட்டலுக்கு அவை செவிகொடாமற் போயின என்று கூறலாம். அதனோடு அந்நரம்பணுக்கள் தூண்டுவாரின்றியே தாமாகத் துடிக்கும் ஆற்றலையும் பெருக்கிக்கொண்டன. சீமைப்பெருச்சாளி எனப்படும் கினிப்பன்றிகளிடம் வேறு அறிஞர் அளந்தபோது, சுமார் ஒரு வாரத்தில் அவ்வடங்கிய கருவின் ஓய்வுத்துடிப்பு பழைய அளவுக்கு மீண்டது. செவி பேசாதிருக்கவும், அது பேசுவதாகக் கொண்டு கரு தானே பேசிக்கொள்கிறது. இடமும் வலமும் ஒத்தன, கூரை நின்றது.

எடின்பரோவினர் 1999-இல் வெளியிட்ட மற்றொரு செய்தி எம்மை மேலும் சிந்திக்கச் செய்தது. உடல் அச்சமும் துன்பமும் உறும்போது சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பிகள் ஒருவகை ஊக்குநீரைக் குருதியில் விடுகின்றன. அந்நீர் நரம்பணுவைப் பற்றும் வாயில்களை மருந்தால் அடைத்துவிட்டு எலியின் செவியை அழித்தால், மேற்சொன்ன மாற்றம் நிகழவில்லை. ஆகவே முதல்நாளின் அலமரல் வீண் துன்பமன்று. பழுதைச் சரிசெய்யும் வேலைக்கு அதுவே கட்டளையிடும் பறையாகவும் இருக்கக்கூடும். எலியிற் கண்டதை அப்படியே மனிதர்க்கு ஏற்றுதல் தகாது என்பதை மறவோம். எனினும் மனமும் சுழற்சியும் ஒரு சொல்லில் அடங்கியது வறிதன்று என்று எமக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது பொருள் ஹிஸ்டமின். மூக்கொழுகலிலும் தடிப்பிலும் அதன் பெயரை நாம் கேட்டிருக்கிறோம். மூளையின் அடிப்பாகத்தில் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் அதனை உண்டாக்கி மூளை முழுவதும் பரப்பி, நம்மை விழிப்போடு வைக்கிறது. தடுமனுக்கு உண்ணும் சில மாத்திரைகள் அதனைத் தடுப்பதாலேயே உறக்கம் தருகின்றன. சமநிலைக் கருக்களையும் அது ஊக்குகிறது. மூளையில் ஹிஸ்டமின் சுரத்தலைப் பெருக்கும் பீட்டாஹிஸ்டின் என்னும் மருந்தைக் கொடுத்த பூனைகள், கொடாத பூனைகளைக் காட்டிலும் விரைவில் நிலைபெற்றன என்று பிரெஞ்சு அறிஞர் 1995-இல் காட்டினர். அது கொண்டு அம்மாத்திரையே எல்லாச் சுழற்சிக்கும் அருமருந்து எனக் கருதுதல் பிழையாகும். மெனியேர் நோயாளரிடம் செருமனி நாட்டில் நடத்தி 2016-இல் வெளியிட்ட பெருஞ்சோதனையில், அது வெறும் மாத்திரையினும் மேம்பட்டதாகக் காணப்படவில்லை. ஆங்கு நோயே வேறு என்பதும் உண்மை.

இத்தனையும் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், பெரிய தாயார் படுத்தேயிருந்தார். மாதம் இரண்டு கடந்தும் அவர் தலையைத் திருப்பமாட்டார். யாரேனும் அழைத்தால் மரப்பாவை போல உடலோடு திரும்புவார். தெருவில் இறங்கார்; ஞாயிறுதோறும் சென்ற ஆலயத்துக்கும் வாரார். தலையணையின் கீழ் மாத்திரை அட்டைகள் இருந்தன. மருத்துவர் மூன்று நாளைக்கு மட்டுமே எழுதிக் கொடுத்த மாத்திரைகளை, அவர் மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி இரண்டு மாதமாக வாங்கி உண்டுவந்திருக்கிறார். அவை சுழற்சியை அடக்கும், மயக்கம் தரும் வகையின. வாங்கிக் கொடுத்தவர் வேறொருவருமல்லர், யாமே. கல்லூரியினின்று வரும் வழியில் நாடோறும் கடையேறி அன்போடு வாங்கி வந்த அம்மாத்திரைகள் யாது செய்தன என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டோம்.

சுழற்சிக்குத் தரும் மருந்துகளிற் பல, மேற்கண்ட பொருள்களின் மீதே தொழிற்படுவன. டயசிபாம் இனத்தவை காபாவின் அடக்கலை மிகுவிக்கின்றன. சின்னரிசின் போன்றவை ஹிஸ்டமினைத் தடுக்கின்றன. புரோக்குளோர்பெரசின் வேறொரு பொருளின் வாயிலை அடைத்து வாந்தியை நிறுத்துகிறது. முதல் இரண்டு மூன்று நாள் வாந்தியும் சுழற்சியும் தாங்கொணாதிருக்கும்போது அவை பெரிய உதவியே, அதில் ஐயமில்லை. ஆனால் காபாவுக்கு அடங்காதிருக்கக் கற்கும் நரம்பணுக்களின்மேல் காபாவின் வலுவை நாள்தோறும் ஏற்றினால், அவை எங்ஙனம் கற்கும்? ஆகவேதான் நீண்டநாள் உண்பது தேறுதலைத் தாமதப்படுத்தும் என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். இவற்றைத் தாமே நிறுத்திவிடுதலும் நன்றன்று. நெடுநாள் உண்டவர் திடீரென விட்டாலும் தீங்கு வரும். பெரிய தாயாருக்கு மருத்துவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

மற்றொன்று அசைவு. கட்டிலிற் கிடக்கும்போது கூரை நின்றமை அரைவெற்றியே. தலையை விரைந்து திருப்பும்போது கண்ணை நிலைநிறுத்துதல் செவியின் வேலை. போன செவி அதனைத் திரும்பச் செய்யாது. அதற்கு ஈடாக, காட்சி வழுக்கும் பிழையைச் சிறுமூளை கண்டு, எஞ்சிய செவியின் செய்தியையும் கழுத்து, கால் ஆகியவற்றின் உணர்வையும் புதிதாகக் கணக்கிட்டு, விரைந்த கண்துள்ளல்களைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பப் பழகல் வேண்டும். பிழை நேர்ந்தாலன்றித் திருத்தம் இல்லை. தலையை அசைத்தாலன்றிப் பிழை இல்லை. அசைவற்றுக் கிடப்பவர்க்கு மூளை கற்பதற்குப் பாடமே வைக்கப்படவில்லை. கட்டிப்போட்டு வைத்த குரங்குகள் தாமதித்தே தேறியதைச் சோதனைகள் காட்டின. இங்கிலாந்தில் கௌத்தோர்ன், குக்சி என்னும் மருத்துவர் இருவர், போரில் தலையிற் காயம்பட்டோரும் செவியில் அறுவை செய்துகொண்டோரும் படுத்திருப்பதைவிட எழுந்து அசைவதால் விரைந்து தேறுவதைக் கண்டு, 1940-களில் பயிற்சிமுறை ஒன்று வகுத்தனர். படுக்கையிலேயே கண்ணை அசைத்தல், உட்கார்ந்து தலையை அசைத்தல், நின்று பந்தெறிதல், கண்மூடி நடத்தல் என அது ஏறிச்செல்லும். இன்றும் அதன் வழிவந்த பயிற்சிகளே மருத்துவமனைகளிற் கற்பிக்கப்படுகின்றன.

பெரிய தாயாரை எழுப்பி நடத்தியது எளிதாக இருந்ததென்று யாரும் எண்ணற்க. முதல்நாள் கட்டைவிரலை நீட்டி அதனையே நோக்கித் தலையை இடமும் வலமும் பத்துமுறை அசைத்தார், உடனே வாந்தி. 'என்னைக் கொல்லவா படித்தாய்?' என்று கேட்டார். மருத்துவர் சொல்லை நம்பினோமேயன்றி, எம்மிடமே எமக்கு அன்று நம்பிக்கை இல்லை. பத்து நாளில் வாந்தி நின்றது. தெருவில் மாடும் வண்டியும் ஒழியாமையால், விடியற்காலையில் இரயில் நிலையத்து நடைமேடைக்கு அழைத்துச் சென்றோம். சமதளமான அந்நீண்ட மேடை சமநிலை பயில்வோர்க்கென்றே அமைத்தது போன்றது. எமக்குப் பருவச்சீட்டு உண்டு. அவருக்கு நாள்தோறும் நடைமேடைச் சீட்டு வாங்கியதில் எம் கைச்செலவு சுருங்கிற்று. அந்நிலையத்தில் நில்லாது விரையும் வண்டிகள் பல. அவை பெட்டி பெட்டியாகக் கண்முன் ஓடும்போது நின்று பார்த்தல் முதலில் அவரைத் தூணைத் தழுவச்செய்தது. மூன்றாம் வாரத்தில் எத்தனை பெட்டி என்று எண்ணிக் கூறினார்.

இவ்விடத்தில் எம் தாய்வழிப் பாட்டனாரைப் பற்றிச் சொல்லாதிருக்க இயலவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கேயுள்ள கடற்கரைச் சிற்றூரில் பிறந்து, கட்டுமரத்தில் நின்றவாறே துடுப்பு வலித்தவர் அவர். 1970-களில் எலும்புருக்கி நோய் கண்டு, நெடுநாள் ஊசி மருந்து ஏற்று உயிர்பிழைத்தார். நோய் நீங்கியது, ஆயின் அவர் அதன்பின் கடலுக்குச் செல்லவில்லை. பகலிற் கால்களை அகட்டி வைத்து நடப்பார். இருட்டினால் வாயிற்படி இறங்கார். மணலில் நடக்கும்போது தரையையே பார்ப்பார். குளத்தில் முழுகியவர் மேல் எது கீழ் எது என்று தெரியாது திணறியதை எம் அன்னையார் கண்டதுண்டு. நோய் தின்ற உடம்பு என்று ஊரார் இரங்கினர். சோம்பல் என்று சிலர் ஏசியதும் உண்டு.

அவர்க்கு இட்ட ஊசி ஸ்டிரெப்டோமைசின் என்று அன்னையார் கூறுகிறார். 1943-இல் கண்டுபிடிக்கப்பட்ட அம்மருந்து எலும்புருக்கி நோயை வென்ற முதல் மருந்து. யாம் நாள்தோறும் கடந்துவரும் தாம்பரம் சானடோரியம் நிலையத்தின் பெயர், டாக்டர் சவுரிமுத்து 1928-இல் நிறுவிய நோயர் இல்லத்தால் வந்தது. அந்நாளில் ஓய்வும் நல்ல காற்றுமே மருந்து. 1956-இல் சென்னையில் தொடங்கிய எலும்புருக்கி நோய் மருந்தாய்வு நிலையம், நோயாளர் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என உலகுக்குக் காட்டிற்று. வாரம் இருமுறை ஸ்டிரெப்டோமைசினும் ஐசோனியசிடும் தரும் முறையை ஆராய்ந்ததும் அந்நிலையமே. எண்ணற்ற உயிர்கள் இம்மருந்தால் தப்பின. ஆயினும் உட்செவியின் மயிரணுக்களை, சிறப்பாகச் சமநிலைக்குரியவற்றை, அஃது அழிக்கக்கூடும் என்பது தொடக்கத்திலேயே அறியப்பட்டது. அழிந்த மயிரணு மனிதனிடம் பயன்படும் அளவில் மீண்டும் முளைப்பதில்லை. இம்மருந்தால் சமநிலையை இழந்த மருத்துவர் ஒருவர் 1952-இல் தம் அனுபவத்தை அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார். நாடித்துடிப்பால் தலை அசையும் சிற்றசைவுக்கே எழுத்துகள் துள்ளியமையால், கட்டிலின் இரும்புக் கம்பிகளுக்கிடையே தலையை இறுக்கிக்கொண்டு அவர் படித்தாராம்.

பாட்டனாரின் மூளை ஏன் பெரிய தாயாரின் மூளை போலத் தேற்றவில்லை? அவர்க்குச் சுழற்சியே வந்ததில்லை என்பதை நோக்குக. மருந்து இரண்டு செவியையும் ஒருங்கே அழித்தால் இடவலம் வேறுபடாது. வேறுபடாதபோது சமன்செய்யக் கோலும் இல்லை. காபாவும் ஹிஸ்டமினும் இரு தட்டுகளை ஒப்பாக்க வல்லன. இல்லாத செய்தியை அவை எங்கிருந்து தரும்? அத்தகையோர்க்குக் கண்ணும் காலடியுமே துணை. இருள் கண்ணை வாங்கிக்கொள்கிறது. மணல் காலடியை வாங்கிக்கொள்கிறது. நீரினுள் இரண்டும் போய்விடுகின்றன. அலைமேல் ஆடும் கட்டுமரமோ சொல்லவே வேண்டா. அவர் இறந்து எட்டு ஆண்டுகள் ஆயின. அவரைச் சோதித்தவர் எவருமிலர் ஆகலின் இஃது எம் கருத்தேயன்றி முடிபன்று. எனினும் இதனை அன்னையாரிடம் சொன்னபோது, அவர் நெடுநேரம் பேசாதிருந்து, 'சோம்பேறி என்று நானும் ஒருநாள் சொல்லியிருக்கிறேன்' என்றார்.

பெரிய தாயாரின் தேறுதலும் முழுமையன்று. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு நான்கு நாள் படுத்தவர், எழுந்தபோது மறுபடி இடப்பக்கம் சாய்ந்தார். நோய் திரும்பிற்று என்று வீடே கலங்கியது. மருத்துவர் சோதித்துவிட்டு, மூளை தேடி வைத்த ஒப்பு, காய்ச்சலிலும் களைப்பிலும் சில நாள் நெகிழ்ந்துகொடுப்பது உண்டு, பயிற்சியை மீண்டும் முதலிலிருந்து செய்க என்றார். இம்முறை மாத்திரை வாங்கவில்லை. ஆறு நாளில் பழைய நிலை வந்தது.

இப்போது அவர் ஞாயிறுதோறும் தனியே ஆலயம் செல்கிறார். காலையில் எம்மோடு நடைமேடைவரை வருவதை மட்டும் விடவில்லை. சென்ற வாரம் இரயில் வந்து நின்றபோது, மறந்த உணவுப்பெட்டியைக் கொடுக்க ஓடிவந்தவரை, இடப்பக்கத்துப் பெட்டியின் வாயிலில் நின்று யாம் உரக்க அழைத்தோம். அவர் வெடுக்கெனத் தலையை இடப்புறம் திருப்பினார். ஒரு கணம் கை தூணை நாடிச் சென்றது, தொடவில்லை. நேரே வந்து பெட்டியைக் கொடுத்துவிட்டு, குழம்பு சிந்திவிட்டதோ பார் என்றார்.